மரத்தூள் கணக்கு: மெலிந்த சிலிக்கன் செல்லால் யாருக்கு என்ன மிச்சம்?

2023-இல் ஒரு மாலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சூரியச் செல்லை வைத்தேன். தொழிற்கல்வி வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வாங்கி வைத்திருந்தது அது. கண்ணாடியும் இல்லை, அலுமினியச் சட்டமும் இல்லை, வெறும் செல். கருநீலம், உள்ளங்கையைவிடப் பெரியது. அன்றைக்கு லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டின் நான்காம் கட்டம். மேசை மேல் சார்ஜ் விளக்கு ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா முப்பத்தெட்டு வருடம் மரச்சாமான் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். தைப்பூசம் வந்தால் இன்றைக்கும் நாலைந்து காவடிக்குச் சட்டம் அவர் கையால்தான் ஆகவேண்டும். செல்லை எடுத்து, விளிம்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விளிம்பு தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது பலகை இல்லை, பாக்குச் சீவல்” என்றார். அப்புறம் கேட்டார்: “எதால் அறுத்தார்கள்? ரம்பம் எவ்வளவு தடிமன்?”

வெர்னியர் அளவியை எடுத்து அளந்து காட்டினேன். செல்லின் தடிமன் 0.17 மில்லிமீட்டர், அதாவது 170 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இரண்டு முடிக்குக் கொஞ்சம் மேல். ரம்பத்தின் தடிமனைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. சூரிய மின்சாரம் பற்றி என்னிடம் கேட்கிற எல்லாரும் எத்தனை வாட், எத்தனை ராண்ட், எத்தனை வருடம் உழைக்கும் என்றுதான் கேட்பார்கள். ரம்பத்தைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். சிலிக்கன் செல் மலிவான கதையில் பெரிய துண்டு ஒன்று அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று அன்றிரவு கணக்குப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

செல்லுக்கு அடிப்படையான மெல்லிய சிலிக்கன் துண்டுக்கு வேஃபர் என்று பெயர். தமிழில் வில்லை என்றும் தகடு என்றும் எழுதுகிறார்கள். பெரியப்பா சொன்ன ‘சீவல்’ என்ற சொல்லையே நான் எடுத்துக்கொள்கிறேன். அது பொருளை மட்டுமல்லாமல் அது செய்யப்படும் விதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

சிலிக்கன் அரிய பொருள் இல்லை. கடற்கரை மணலும் வெங்கச்சங்கல்லும் அதுதான். ஆனால் ஆக்சிஜனோடு கட்டிப்பிடித்தபடி இருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கத்தான் செலவு. வெங்கச்சங்கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்கினால் 98, 99 சதவீதத் தூய்மையுள்ள சிலிக்கன் கிடைக்கும். நம் நாட்டிலேயே, லிம்போபோ மாகாணத்துப் பொலொக்வானேயில், இந்த வேலைக்கென்று ஓர் உருக்காலை பல ஆண்டுகள் இயங்கியது. ஒரு கிலோ உருக்க 11 முதல் 13 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாமல் தவித்த நாடு, மின்சாரம் தரும் பொருளுக்கான மூலத்தை மின்சாரத்தைக் கொட்டி உருக்கியிருக்கிறது என்பது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சிலிக்கனின் விலை என்பது பெரும்பாலும் மின்சாரத்தின் விலைதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

உலையிலிருந்து வரும் சிலிக்கன் அலுமினியக் கலவைக்குப் போதும், செல்லுக்குப் போதாது. அதை அமிலத்தோடு வினைபுரியவைத்து ஆவியாக்கி, காய்ச்சி வடித்து, மறுபடி சூடான கோல்களின் மேல் திடமாகப் படியவிடுகிறார்கள். இப்படிக் கிடைக்கும் பாலிசிலிக்கனின் தூய்மை ஒன்பது ஒன்பதுகள், அதாவது 99.9999999 சதவீதம். உலையில் செலவானதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இங்கே போகிறது. பிறகு அதை 1414 பாகை செல்சியஸுக்கு மேல் உருக்கி, ஒரு சின்ன விதைப் படிகத்தை நுனியில் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுக்கிறார்கள். ஆளுயரத்தையும் தாண்டும் ஒற்றைப் படிகப் பாளம் எழும்பி வரும். இந்த முறையை 1916-இல் கண்டறிந்தவர் போலந்துக்காரரான யான் சொக்ரால்ஸ்கி. மைக்கூடு என்று நினைத்து உருகிய வெள்ளீயத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டார், இழுத்தபோது நூல்போல உலோகம் வந்தது, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த பாளத்தை என்ன செய்கிறார்கள்? ரம்பத்தால் அறுக்கிறார்கள். பெரியப்பாவின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது.

தச்சருக்குத் தெரியும், பலகை அறுக்கும்போது ரம்பத்தின் தடிமன் அளவு மரம் தூளாகப் போகும். அங்குலக் கனமுள்ள பலகையில் அது ஒரு பொருட்டே இல்லை. காகிதக் கனத்தில் அறுக்கும்போது தூளே பாதி ஆகிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செல் தொழிற்சாலைகளில் நடந்தது அதுதான். எஃகுக் கம்பியை நூற்கண்டுபோலச் சுற்றி, ஆயிரக்கணக்கான வரிசைகளாக ஓடவிட்டு, சிலிக்கன் கார்பைடுத் துகள் கலந்த ஒரு குழம்பை அதன்மேல் ஊற்றி அறுத்தார்கள். கம்பியே 120 மைக்ரான். இருபுறமும் துகள் உருள்வதால் அறுபடும் இடைவெளி 150-ஐத் தாண்டும். அப்போது சீவலின் தடிமன் 180. ஆக, ஏறக்குறைய ஒரு சீவலுக்கு ஒரு சீவல் அளவு தூள். அந்தத் தூளும் எஃகோடும் குழம்போடும் கலந்துபோனதால் எதற்கும் உதவாது.

2010-களின் நடுவில் வைரக் கம்பி வந்தது. கிம்பர்லியில் பூமியைக் குடைந்து எடுத்த வைரம் அல்ல. செயற்கை வைரத்தின் பொடியை மெல்லிய கம்பியின் மேல் பதித்தது. துகள் கம்பியோடேயே ஒட்டியிருப்பதால் குழம்பு தேவையில்லை, தண்ணீர் போதும். அறுக்கும் வேகமும் கூடியது. கம்பியின் கனம் ஆண்டுக்கு ஆண்டு இளைத்து 40 மைக்ரானுக்கும் கீழே போய்விட்டது. இப்போது எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் இழையும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. தூளாகப் போவது சுமார் 60 மைக்ரான்தான்.

இனி பெரியப்பா கணக்கைப் போடலாம். முன்பு சீவல் 180, தூள் 150, மொத்தம் 330 மைக்ரான். ஒரு மீட்டர் நீளப் பாளத்தில் சுமார் 3000 சீவல் தேறும். இன்றைக்குச் சீவல் 150, தூள் 60, மொத்தம் 210. அதே ஒரு மீட்டரில் சுமார் 4700 சீவல். மிச்சமான 120 மைக்ரானில் சீவல் மெலிந்ததால் வந்தது 30. ரம்பம் மெலிந்ததால் வந்தது 90. முக்கால் பங்கு மரத்தூள் கணக்கில்தான் மிச்சமாகியிருக்கிறது. மெலிந்த செல், மெலிந்த செல் என்று பேசுகிறோம். உண்மையில் அதிகம் மெலிந்தது செல் அல்ல, அதை அறுத்த கம்பி.

இதோடு செல்லின் திறனும், அதாவது விழும் ஒளியில் அது மின்சாரமாக்கும் பங்கும், கூடியது. ஒரே பரப்பில் அதிக வாட் கிடைத்தால் வாட்டுக்கு ஆகும் சிலிக்கன் தானாகக் குறையும். 2004-இல் ஒரு வாட்டுக்குச் சுமார் 16 கிராம் பாலிசிலிக்கன் செலவானது. இன்று 2 கிராம் சொச்சம். நம்பாதவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்: 182 மில்லிமீட்டர் சதுரச் சீவல், 150 மைக்ரான் தடிமன், சிலிக்கனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம். எடை சுமார் 11.5 கிராம் வரும். 24 சதவீதத் திறனில் அது தருவது எட்டு வாட்டுக்குச் சற்றுக் கீழே. தூளையும் சேர்த்தால் வாட்டுக்கு இரண்டு கிராம்.

அப்படியென்றால் இன்னும் சீவிக்கொண்டே போகலாமே, 20 மைக்ரானுக்கு, 10 மைக்ரானுக்கு? இங்கே சிலிக்கனின் குணம் குறுக்கே நிற்கிறது. ஒளியை விழுங்குவதில் அது மந்தம். நீல ஒளி மேற்பரப்பில் ஒரு மைக்ரானுக்குள்ளேயே அடங்கிவிடும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளி வலுவிழக்க ஐந்து மைக்ரான் ஆழம் போதும். 900 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு 33 மைக்ரான் வேண்டும். 1000 நானோமீட்டருக்கு 150 மைக்ரானைத் தாண்டவேண்டும். சூரிய ஒளியில் கணிசமான பங்கு இந்த அகச்சிவப்பு ஓரத்தில்தான் இருக்கிறது. சீவல் மெலிந்தால் அந்த ஒளி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மின்சாரமாகாது.

ஒளிக்குப் பாதையை நீட்டிக் கொடுப்பதுதான் தந்திரம். மேற்பரப்பைக் காரத்தில் அரித்தால் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகள் கோபுரக் காடுபோல எழும்பும். ஒளி அதில் பட்டுச் சாய்ந்து நுழைகிறது, பின்புறம் எதிரொளிக்கிறது, வெளியே வரமுடியாமல் உள்ளேயே அலைகிறது. முழுக்கத் தாறுமாறாகச் சிதறவிட்டால், ஒளி கடக்கும் பாதை தடிமனைப்போலச் சுமார் 50 மடங்கு வரை நீளும் என்று 1982-இல் எலி யாப்லனோவிச் என்ற இயற்பியலாளர் காட்டினார். ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அந்த எண் வரும். சிலிக்கனுக்கு ஒளிவிலகல் எண் 3.5. சிறிய அறைக்குள் பந்தை எறிந்தால் சுவருக்குச் சுவர் மோதி நெடுந்தூரம் ஓடுவதுபோலத்தான்.

இன்னொரு பக்கம், மெலிவது செல்லுக்கு நல்லதும் செய்கிறது. ஒளி தட்டி எழுப்பிய எலெக்ட்ரான், தடித்த சீவலுக்குள் நெடுந்தூரம் நடந்து போகும் வழியில் எங்காவது பள்ளத்தில் விழுந்து காணாமல் போகலாம். மெல்லிய சீவலில் அந்த நடை குறைவு. மின்னழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. மேல், கீழ் பரப்புகளில் எலெக்ட்ரான் ஒழுகாமல் பூசி அடைத்துவிட்டால் போதும். இரண்டையும் தராசில் வைத்து, ஒற்றைச் சிலிக்கன் செல்லின் உச்சவரம்பான 29.4 சதவீதத் திறனை எட்டச் சரியான தடிமன் எது என்று கணக்கிட்டபோது வந்த விடை 110 மைக்ரான். அதற்கு மேலே தடித்தாலும் நட்டம், கீழே மெலிந்தாலும் நட்டம். இன்றைய 130, 150 மைக்ரான் சீவல்கள் அந்த இடத்தை நெருங்கிவிட்டன. ஆகவே அடுத்து வரப்போகும் மெலிவில் பெரிய அதிசயம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

உடைவதுதான் நடைமுறைத் தொல்லை. தொழிற்சாலையில் ஒரு சீவலை எத்தனையோ முறை தூக்கவேண்டும், கழுவவேண்டும், அச்சடிக்கவேண்டும், சுடவேண்டும். பழைய வகைச் செல்லில் பின்புறம் முழுக்க அலுமினியப் பசையைப் பூசி 800 பாகை அளவில் சுடுவார்கள். ஆறும்போது அலுமினியம் சிலிக்கனைவிட அதிகம் சுருங்கும். மெல்லிய சீவலாக இருந்தால் வெயிலில் போட்ட அப்பளம்போல வளைந்து எழும்பும். இந்த வளைவுக்குப் பயந்தே பல ஆண்டுகள் 180-க்குக் கீழே இறங்கத் தயங்கினார்கள். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1990-களில் வேறொரு வழி பிடித்தது. படிகச் சீவலின் இரண்டு பக்கமும் உருவமற்ற சிலிக்கனைச் சில நானோமீட்டர் கனத்துக்குப் படியவைத்தது. 200 பாகையிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும். இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் வளைவதும் இல்லை. ஹெட்டரோஜங்ஷன் என்னும் இந்த வகைதான் இன்றும் மிக மெல்லிய சீவலைத் தாங்குகிறது.

அப்பளத்தைச் சொன்னேன். அப்பளம் எங்கிருந்து உடையும் என்று கவனித்திருப்பீர்கள்: விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருக்கும், அங்கிருந்துதான் கீறல் ஓடும். சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஷாங்காய் ஆய்வுக்கூடம் ஒன்று 2023-இல் நேச்சர் இதழில் இதே விஷயத்தை எழுதியது. பிரமிடுகளுக்கிடையிலுள்ள கூரான பள்ளம் சீவலின் ஓரத்தில் வரும்போது அதுவே பிளவின் தொடக்கப்புள்ளி ஆகிறது. ஓரத்தை மட்டும் மெல்ல அரித்து மழுக்கிவிட்டால் 60 மைக்ரான் சீவல் காகிதம்போல வளைகிறது, திறனும் 24 சதவீதத்தைத் தாண்டுகிறது. அடுத்த ஆண்டே, சீனாவின் லோங்கி என்னும் சூரியச் செல் நிறுவனம் பங்குகொண்ட இன்னொரு குழு 57 மைக்ரான் சீவலில் 26 சதவீதம் எடுத்துக் காட்டியது. அழகான வேலை. ஆனால் அது கடைக்கு வந்துவிட்டதாக யாராவது சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பணத்தை எடுக்காதீர்கள்.

பொறுமையாகச் சொல்லக் காரணம், இந்தத் துறையில் மெல்லிய சிலிக்கனை நம்பிக் கவிழ்ந்தவர்கள் பலர். 2004-க்குப் பிறகு ஜெர்மனியில் சூரிய மின்சாரத்துக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கியதும் பாலிசிலிக்கனுக்குப் பஞ்சம் வந்தது. 2008-இல் உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு கிராம்கூடத் தங்கம். அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி.

கால்குலேட்டரில் இருப்பதைப்போல உருவமற்ற சிலிக்கனைக் கண்ணாடிமேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகப் பூசும் முறையை அப்ளைட் மெட்டீரியல்ஸ் நிறுவனம் 2007-இல் முழுத் தொழிற்சாலையாகவே விற்கத் தொடங்கியது. அந்தப் பூச்சின் திறன் வெயில் பட்டதும் கொஞ்சம் இறங்கிவிடும். இந்தக் குறையை 1977-லேயே ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இருவர் கண்டிருந்தார்கள். 2010-இல் அப்ளைட் மெட்டீரியல்ஸ் அந்த வியாபாரத்தையே மூடியது. ஆஸ்திரேலியாவில் சூரியச் செல் ஆய்வாளர் மார்ட்டின் கிரீனின் ஆய்விலிருந்து பிறந்த பசிபிக் சோலார், கண்ணாடிமேல் இரண்டு மைக்ரானுக்கும் குறைவான படிகச் சிலிக்கனைப் படியவைத்தது. ஜெர்மனியில் ஆலையும் வந்தது, பத்துச் சதவீதத் திறனையும் தொட்டது, நிலைக்கவில்லை. அமெரிக்காவில் எவர்கிரீன் சோலார் ரம்பமே வேண்டாம் என்று, உருகிய சிலிக்கனுக்குள்ளிருந்து இரண்டு கம்பிகளுக்கிடையே சோப்புப் படலம்போல நாடாவாக இழுத்தது. தூளே இல்லை! 2011 ஆகஸ்டில் அது திவாலானது. உருகிய சிலிக்கனிலிருந்தே நேராகச் சீவலை வார்த்தெடுத்த 1366 டெக்னாலஜிஸ் 2021-இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து கியூபிக் பிவி ஆனது. 2024-இல் சீவல் ஆலைத் திட்டத்தைக் கைவிட்டது.

இவர்களில் யாரும் முட்டாள்கள் அல்ல. எல்லாருடைய யோசனையும் 400 டாலர் சிலிக்கனுக்குச் சரியான யோசனை. அவர்கள் ஆலைகள் காலூன்றுவதற்குள் சீனாவில் பாலிசிலிக்கன் ஆலைகள் முளைத்து, விலை கிலோ 50 டாலருக்கும் 20 டாலருக்கும் சரிந்துவிட்டது. சேமிக்கப் புறப்பட்ட பொருளே மலிவாகிவிட்டால் சேமிப்புக்கு என்ன மரியாதை? கரும்பே கேட்பாரற்றுக் கிடக்கும்போது சக்கையில் இன்னொரு சொட்டுச் சாறு பிழிய இயந்திரம் வாங்கியவன் நிலைதான். வென்றது யார் என்றால், குறுக்குவழி எதுவும் தேடாமல் அதே பாளத்தை, அதே மாதிரி, ஆண்டுக்குச் சில மைக்ரான் குறைத்து அறுத்துக்கொண்டே வந்தவர்கள்.

சிலிக்கன் விலை எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதும் இல்லை. 2022-இல் மறுபடி 35 டாலரைத் தாண்டியது. அந்த விலையேற்றத்தின்போதுதான் 170 மைக்ரான் சீவல் 150-க்கு இறங்கியது. விலை உறைக்கும்போது கத்தி கூர்மையாகிறது. 2024-இல் விலை ஐந்து டாலர் அளவுக்கு விழுந்ததும் அந்த அவசரம் போய்விட்டது.

இப்போது நம் கூரைக்கு வருவோம். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மதிப்பீட்டின்படி, தென்னாப்பிரிக்காவில் கூரைமேல் இருந்த சூரியப் பேனல்களின் அளவு 2022 மார்ச்சில் ஆயிரம் மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 2023 நடுவில் 4400 மெகாவாட்டைத் தாண்டியது. லோட் ஷெடிங் விரட்டிய விரட்டு அப்படி. டர்பனில் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் பேனல் ஏறாத தெருவே அந்த ஆண்டு இல்லை. (தமிழ்நாட்டு உறவினர்களுக்கு ஒரு செய்தி: இங்கே பேனலை வடக்கு நோக்கித்தான் சாய்க்கவேண்டும், சூரியன் அந்தப் பக்கம். குபேரன் திசை என்று எங்கள் பெரியம்மாவுக்கு அதில் தனித் திருப்தி.)

பத்துப் பேனல், ஒவ்வொன்றும் 550 வாட் என்று வைத்துக்கொள்வோம். வாட்டுக்கு இரண்டு கிராம் வீதம் மொத்தம் 11 கிலோ சிலிக்கன். 2024 விலையில் 55 டாலர். சுமார் ஆயிரம் ராண்ட். நாளைக்கே யாராவது சீவலை 150-லிருந்து 100 மைக்ரானுக்கு இளைத்து, அந்த லாபம் முழுவதையும் நயா பைசா குறையாமல் நம்மிடம் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், மிச்சம் 240 ராண்ட். பேனல், இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி, வேலைக்கூலி, மின் தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து வீட்டுக்காரர் கொடுத்ததோ லட்சம் ராண்டுக்கு மேல்.

வெள்ளியைப் பாருங்கள். செல்லின் முகத்தில் ஓடும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசையால் அச்சடித்தவை. வாட்டுக்குச் சுமார் பத்து மில்லிகிராம். ஒரு பேனலுக்கு ஐந்தாறு கிராம், சின்னக் குழந்தையின் கொலுசுக்குக்கூடக் காணாது. அதன் விலையும், தூளும் சேர்த்து அந்தப் பேனலுக்குச் செலவான ஒரு கிலோ சொச்சம் சிலிக்கனின் விலையும் 2024-இல் ஏறக்குறைய ஒன்று. அதனால் இன்றைக்குச் செல் தொழிற்சாலைக்காரர்கள் இளைக்கப் பார்ப்பது சீவலை அல்ல, வெள்ளிக் கோடுகளை. வெள்ளிக்குப் பதில் செம்பு போடமுடியுமா என்பதை.

இறக்குமதி வரியையும் பாருங்கள். உள்நாட்டுத் தொழிலைக் காக்க என்று 2024-இல் தென்னாப்பிரிக்கா சூரியப் பேனல்களுக்குப் பத்துச் சதவீத வரி போட்டது. அப்போது சீன ஆலை வாசலில் பேனல் வாட்டுக்குப் பத்து அமெரிக்கச் சென்ட். 550 வாட்டுக்கு 55 டாலர், வரி ஐந்தரை டாலர். ஒரு பேனலுக்குச் செலவாகும் சிலிக்கன் முழுவதின் விலையும் அதேதான். சிலிக்கனே இல்லாமல் செல் செய்யக் கற்றுக்கொண்டாலும் அந்த ஒற்றை அரசாணையை ஈடுகட்டமுடியும், அவ்வளவே. அதற்கு முந்தைய ஆண்டு கொடுத்த வரிச்சலுகையும் விசித்திரமானது: செலவில் 25 சதவீதம், உச்சம் 15,000 ராண்ட், ஆனால் பேனலுக்கு மட்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இல்லை. விலை தானாகவே விழுந்துகொண்டிருந்த பொருளுக்குத் தள்ளுபடி, பையைக் கடித்த பொருளுக்கு ஒன்றும் இல்லை.

மெலிவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயன் வேறு ஒருவருக்கு. 2024-இல் உலகம் முழுவதும் சுமார் 600 ஜிகாவாட் புதிதாகப் பூட்டினார்கள். அதற்கு 12 லட்சம் டன் பாலிசிலிக்கன். அதில் கால் பங்கு மிச்சமானால் மூன்று லட்சம் டன். அதை உருக்கவும் வடிக்கவும் ஆகியிருக்கும் மின்சாரம், எரிந்திருக்கும் நிலக்கரி. ஆலை முதலாளிக்கும் அந்த ஊர்க் காற்றுக்கும் அது பெரிய விஷயம். சாட்ஸ்வொர்த் வீட்டுக்காரருக்கு அது ரசீதில் தென்படாது.

வீட்டுக்காரருக்குத் தென்படுவது எடை. பெரியப்பா வீடு 1960-களில் நகராட்சி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தால் வேறு இடங்களிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கியவற்றில் ஒன்று. கூரை ஆஸ்பெஸ்டாஸ். முதலில் வந்து பார்த்த நிறுவுநர், இதில் துளையிடமாட்டேன் என்று இறங்கிவிட்டார். அவர் செய்தது சரி. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். இரண்டாவதாக வந்தவர் வளையும் பேனல் ஒன்றின் படத்தைக் காட்டினார். “மெல்லிய தொழில்நுட்பம், எடை இல்லை, விலையும் குறைவு, பசை போட்டு ஒட்டிவிடலாம்.” இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், நானும் செல்லை எடுத்துக்கொண்டு போனேன்.

மெல்லியது என்ற ஒரு சொல்லுக்குள் கலப்படம் நிறைய. சாதாரண 550 வாட் பேனல் 28 கிலோ. அதில் 3.2 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 20 கிலோ. செல்லில் இருக்கும் சிலிக்கன் ஒரு கிலோகூட இல்லை. சீவலைப் பாதியாக இளைத்தாலும் கூரைக்கு 400 கிராம்தான் இறங்கும். எடை இறங்கவேண்டுமானால் கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாள் போடவேண்டும். வளையும் பேனலில் செய்திருப்பது அதைத்தான். உள்ளே இருக்கும் செல் வழக்கமான தடிமனிலேயே இருக்கலாம். டர்பனின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பிளாஸ்டிக் முகப்பு கண்ணாடிபோல நின்று பிடிக்காது. தவிர, கூரையோடு ஒட்டிவிட்டால் அடியில் காற்று ஓடாது. ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் சிலிக்கன் செல் 0.3 முதல் 0.4 சதவீத மின்சாரத்தை இழக்கும். ஜனவரி வெயிலில் அந்தக் கூரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்கவேண்டியதில்லை.

கடைசியில் நடந்தது இதுதான். உரிமம் பெற்றவர்கள் வந்து ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றினார்கள். தகரக் கூரை வந்தது. மொத்தச் செலவில் அதுவே பெரிய தொகை, பேனலைவிடப் பெரிது. கூரை திறந்து கிடந்த இரண்டு நாளும் பெரியப்பா ஏணியில் ஏறி, காதில் செருகிய பென்சிலால் ஒவ்வொரு பைன் சட்டத்தையும் தட்டிப் பார்த்து, இரண்டை மாற்றவேண்டும் என்று குறியிட்டார். பேனல் ஏறியபோது கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் கொண்டுபோன செல்லை அவர் திருப்பித் தரவில்லை. வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். போன மாதம் திறந்து காட்டினார். இரண்டாகப் பிளந்திருந்தது, கோணல்மாணலாக அல்ல, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக. படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் வரிசைதான் அதற்குக் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். “இதற்கும் மரம்போல ரேகை ஓடுகிறது” என்றார் அவர், விரல் நகத்தால் விளிம்பில் ஒரு பொட்டளவு பிசிறைத் தொட்டுக் காட்டியபடி. “இங்கே தொடங்கியிருக்கிறது பார்.”